சிவந்த கண்ணைத் திருப்பி அனுப்பிய காலை

இன்று காலை புது ஸ்லிட் லேம்ப் வந்து இறங்கியது. நோயாளி மோவாயை வைத்து நெற்றியை ஒட்டி உட்காருகிற மிஷின்தான். நம்முடைய பழையது இனித் தாங்காது என்று நீங்களே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கழற்ற வந்த மெக்கானிக், முன்னால் தொங்கிய தகட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது என்னங்க டாக்டர், கம்பெனி பார்ட்டு மாதிரி தெரியலையே?" என்றார். பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்பைத் தேய்த்து எடுத்தது. நான் பார்க்கும் குழாய்களுக்காக நடுவில் இரண்டு வட்டம் வெட்டியிருக்கிறது. கீழ் மூலையில் மட்டும் சரியாகத் தேயாமல், யாரோ ஒருவருடைய விலா எலும்பு இன்னும் லேசாகத் தெரிகிறது.

"அதைக் கீழ வைங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் அரண்டுபோய் இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். அவர் என்ன செய்வார் பாவம். அவருக்கு அது குப்பை. நீங்கள் இருந்திருந்தால், "டாக்டரம்மாவுக்குக் காலைல காப்பி சரியில்லீங்க, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பீர்கள். இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனவர் மோட்டார் ரூம் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்றும், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது என்றும் உங்கள் வீட்டம்மா போனில் சொன்னார்கள். அன்றிலிருந்து உங்களோடு மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த லென்ஸ் பெட்டியை எங்கே வைத்தீர்கள், அந்த நல்லம்பள்ளி வாத்தியாருக்கு என்ன பவர் எழுதினோம், இப்படி. ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

கொரோனா ஊரடங்கில் நம் அதியமான்கோட்டை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? ராத்திரி பகல் பார்க்காமல் லாரி ஓடுகிற ரோடு அது. நம் ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி அதிராத நாளே இருந்ததில்லை. ஒரே நாளில் அந்த ரோட்டில் நாய் படுத்துத் தூங்க ஆரம்பித்தது. நாமும் பூட்டினோம். கண் வைத்தியம்தானே, உயிர் போகிற விஷயமா என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் அப்படி நினைக்கவில்லை. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தீர்கள். தினமும் காலையில் எனக்கு போன். "டாக்டரம்மா, ஏரியூர் டீச்சருக்கு மருந்து தீந்துபோச்சுங்க. அந்தப் பக்கம் பால் வண்டி மட்டும் ஓடுது. டிரைவர் நம்ம பேஷண்டு தாங்க. குடுத்துவிடட்டுங்களா?" நான் தூக்கக் கலக்கத்தில் சரி என்பேன். பால் கேனுக்கும் பால் கேனுக்கும் நடுவில் சொட்டு மருந்து போய்ச் சேரும். சம்பளம் வாங்குகிற உதவியாளர் நீங்கள், ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரி நான். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஆஸ்பத்திரி நடந்தது உங்கள் போனில்தான்.

திறக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, பயம். உங்களுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எனக்குச் சர்க்கரை. கண் டாக்டர் வேலையோ ஒரு சாண் தூரத்தில் இன்னொருவர் மூச்சை வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. நான் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்துவிட்டால்? இந்தக் கேள்வியோடு படுத்து இந்தக் கேள்வியோடு எழுந்தேன்.

எதையும் கேட்காமல் நீங்கள் வேலையை ஆரம்பித்தீர்கள். நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் குறுக்கே சணல் கட்டினீர்கள். வாசலில் குழாய் வைத்த டிரம், சோப்பு. பவர் பார்க்கிற இருட்டு ரூமுக்குக் காற்று வேண்டும், வெளிச்சம் வரக்கூடாது. ஜன்னலைத் திறந்து வெளியே ஓர் அடி தள்ளிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டீர்கள். காற்று பக்கவாட்டில் வந்தது. கடைசியில் இந்த எக்ஸ்ரே தகடு. டவுனில் விலைக்குக் கிடைக்கவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய ஃபிலிமைத் தேய்த்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "இனி அவங்க மூச்சு உங்ககிட்ட வராதுங்க. தைரியமா வூட்டுக்கு சார்கிட்ட போங்க" என்றீர்கள். நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். வட்டம் கோணலாக இருக்கிறது என்று சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

அன்று மத்தியானம் நான் சார்ட் பேப்பரில் சட்டங்கள் எழுதினேன். பதினோரு சட்டம். துணைக்கு ஒருவர்கூட உள்ளே வரக்கூடாது, மிஷினில் உட்கார்ந்தால் வாய் திறக்கக்கூடாது, போனில் நேரம் வாங்காமல் வரக்கூடாது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, இதில் எது இருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும், பதினாலு நாள் கழித்து வரலாம். கண் சிவப்பதும் அந்த நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்கள் டாக்டர்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் முழுவதையும் நிதானமாகப் படித்தீர்கள். "எல்லாம் சரிங்க. இந்தக் கடைசிதான் இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"கண்ணு ஆஸ்பத்திரிக்குச் செவந்த கண்ணு வரக்கூடாதுன்னா, மளிகைக் கடைல வந்து அரிசி கேக்காதன்ற மாதிரி இருக்குதுங்களே."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று, "உங்களுக்கு எல்லாமே விளையாட்டு" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் விடவில்லை. பின்னால் புங்கமரத்தடியில் தனியாக ஒரு பெஞ்சு போடலாம், சிவந்த கண்ணை அங்கே உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், ஆபத்து இல்லையென்றால் மருந்து எழுதி அப்படியே அனுப்பலாம் என்றீர்கள். "மரத்தடியில உக்காந்து வைத்தியம் பண்ண நான் என்ன மந்திரிக்கிறவளா?" என்று கேட்டேன். பேப்பரின் நாலு மூலையிலும் பசை தடவி வாசலில் ஒட்டினீர்கள். கோணல் இல்லாமல் ஒட்டினீர்கள்.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. பேசாமல் வேலை செய்வது உங்களுக்குத்தான் பெரிய தண்டனை. சொட்டு மருந்து விடும்போது கதை சொல்லியே ஆளை மறக்கடிக்கிறவர், கையாலேயே பேசப் பழகினீர்கள். மேலே பார், கீழே பார், கண்ணைச் சிமிட்டு, அவ்வளவையும் ஒற்றை விரலில் சொன்னீர்கள். இரண்டாம் நாள் அடுத்தடுத்து மூன்று பேருக்குப் பவர் ஏறியிருப்பதாக வந்தது. நான் எழுதிக் கொடுக்கப் போகும்போது நீங்கள் ஓடிவந்து தடுத்தீர்கள். "இருங்க, இருங்க. கண்ணு மங்கலீங்க. லென்ஸுதான் வேர்த்துருக்குது." மாஸ்க்குக்குள்ளிருந்து மேலே ஏறிய மூச்சு, சோதனை லென்ஸில் புகை மாதிரிப் படிந்திருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பேப்பர் டேப்பை எடுத்து எல்லோருக்கும் மூக்குமேல் மாஸ்க்கை ஒட்டினீர்கள். மூன்று பேருடைய பார்வையும் உடனே பழையபடி ஆகிவிட்டது. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாஸ்க்குக்குள் சிரித்தால் கண் மட்டும்தான் தெரியும். உங்கள் கண் அப்படிச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

நாலாம் நாள் காலை ஒன்பதரை மணி இருக்கும். நான் உள்ளே மிஷினில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் போன் அடித்தது. வாசலிலிருந்து நீங்கள்.

"டாக்டரம்மா, நல்லம்பள்ளிக்கு உள்ளயிருந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. மாதம்மான்னு பேரு. அறுவது வயசு இருக்கும். பையன் வண்டில கூட்டியாந்துருக்கான். வலது கண்ணு நல்லாச் செவந்துருக்குதுங்க. நேத்து பொழுது சாஞ்சதுல இருந்து தலைவலி, ரெண்டு தடவ வாந்தின்றாங்க."

"காய்ச்சல்?"

"மிஷின்ல காட்டலீங்க."

"இருந்தாலும் தலைவலி, வாந்தி இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

நீங்கள் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒத்தக் கண்ணுங்க" என்றீர்கள். "இடது கண்ணு சின்ன வயசுலயே முள்ளு குத்திப் போயிருச்சாம். வெள்ளையா இருக்குது. இருக்கறது இந்த ஒண்ணுதான். வெளிய வந்து ஒரு நிமிசம் பாத்துட்டா…"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்காக ஒண்ணு, அவங்களுக்காக ஒண்ணுன்னு மாத்திட்டிருக்க முடியாது."

"சரிங்க" என்றீர்கள்.

சிவந்த கண், அதே பக்கம் தலைவலி, வாந்தி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கண் மருத்துவம் படிக்க வந்த முதல் வருடப் பிள்ளைகூட எழுந்து ஓடும். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிகிற வழி திடீரென்று அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறுகிறது, மணிக்கணக்கில் நரம்பு சாகும், பார்வை போனால் திரும்பாது. இருபத்தைந்து வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்று காலை அந்த மூன்று வார்த்தையும் என் காதில் விழுந்தபோது எனக்குத் தெரிந்தது கண் நோய் இல்லை. என் வீட்டுக்காரர் முகம். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

பன்னிரண்டரை மணிக்கு நீங்கள் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமலே கதவுக்கு வெளியே வந்து நின்றீர்கள். "அந்தப் பையனுக்கு போன் போட்டேனுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவலயாம். போனா தனி வார்டுல போட்டுருவாங்க, ஆத்தாவப் பாக்கவே முடியாதுன்னு பயந்துக்கிட்டு வூட்டுக்கே போயிட்டாங்களாம். நான் போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?"

"போனீங்கன்னா பதினாலு நாள் இந்தக் கதவுக்குள்ள வரக்கூடாது."

"சரிங்க" என்றீர்கள், காலையில் சொன்ன மாதிரியே. உங்கள் டிவிஎஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத ஆள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றரை மணிக்கு உங்கள் போன் வந்தது. இத்தனை வருடத்தில் உங்கள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நேத்து வெளக்கப் பாத்தப்ப அதச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரிஞ்சுதாம். இப்ப கைவெரல எண்ணச் சொன்னா தெரியலன்றாங்க. கண்ண மூடச் சொல்லி எமை மேல வெரல வெச்சுப் பாத்தேனுங்க டாக்டரம்மா. கல்லு மாதிரி இருக்குது."

கல் மாதிரி. நல்ல கண் தொட்டால் மூக்கு நுனி மாதிரி அமுங்கும். அழுத்தம் ஏறிய கண்தான் கல்லாக இருக்கும். எந்த மிஷினும் இல்லாமல், உங்கள் ஆள்காட்டி விரலால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் செய்ய வேண்டிய காரியம் அது.

"கூட்டிட்டு வாங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்று கத்தினேன்.

உங்கள் வண்டியிலேயே நடுவில் உட்காரவைத்து, பின்னால் பையன் பெருமாள் பிடித்துக்கொள்ள, மூன்று பேருமாக வந்து சேர்ந்தீர்கள். மாதம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணு போயிருச்சுங்களா? சொல்லுங்க, போயிருச்சுங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். "ஆடு மேய்க்கணுமுங்க. மருமவ மாசமா இருக்கறா. பேரப்புள்ள மூஞ்சியப் பாக்கணுமுங்க."

மந்திரிக்கிறவளா என்று கேட்டேனே, அதே மரத்தடியில்தான் கட்டிலைப் போட்டோம். சொட்டு மருந்து, மாத்திரை, நரம்பில் ஏற்றுகிற மருந்து. பாட்டிலைத் தொங்கவிட ஸ்டாண்டு இல்லை. நீங்கள் புங்கங்கிளையில் கட்டினீர்கள். நான் ஊசியை எடுத்தேன். மாதம்மாளின் மணிக்கட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, எத்தன ஆடு வெச்சுருக்கீங்க?" என்று கேட்டீர்கள். அவர் எட்டு என்றார். ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டீர்கள். அஞ்சாவது ஆட்டுக்கு வரும்போது ஊசி ஏறிவிட்டது. சொட்டு மருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விட்டேன். நாலரை மணிக்கு நான் என் விரலை அந்த இமைமேல் வைத்துப் பார்த்தேன். இறங்கியிருந்தது. மாதம்மாள் மேலே அண்ணாந்து, "எல தெரியுதுங்க" என்றார். ஐந்து மணிக்கு, "காயி தெரியுதுங்க" என்றார். மறுநாள் காலை லேசரில் அந்தக் கண்ணுக்குள் ஊசிமுனை அளவு வழி திறந்துவிட்டேன்.

கண் தப்பியது. முழுக்கத் தப்பவில்லை. மூக்குப் பக்கமாக ஒரு பகுதி நிரந்தரமாக மங்கிவிட்டது. அது முந்தின ராத்திரியே போனதா, நான் திருப்பி அனுப்பிய அந்த ஐந்து மணி நேரத்தில் போனதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐந்து மணி நேரம் என்பது அந்த நோய்க்கு அதிகம்.

அந்தப் பகுதி திரும்பாது என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு நான் உள்ளே வந்தேன். அவன் வாசலில் நின்ற உங்கள்மேல் பாய்ந்தான்.

"நீதான்யா தொரத்துன! காலைலயே வந்தமா இல்லியா? கெஞ்சுனமா இல்லியா? நாயத் தொரத்தற மாதிரித் தொரத்திட்டு, அப்பறம் எதுக்குய்யா வூட்டுக்கு வந்த?"

வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவரைப் பார்த்து அவன் இப்படிக் கேட்டான். நீங்கள், "டாக்டர் சொன்னாங்க தம்பி" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "தப்புதான் தம்பி. நான்தான் அவசரப்பட்டு அனுப்பிட்டேன்" என்றீர்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். வெளியே வந்திருக்கலாம். மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

மாதம்மாளுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனையில் வந்தது. ஆனாலும் பதினாலு நாளும் நீங்கள் கதவுக்குள் வரவில்லை. நானே வரச் சொல்லியும் வரவில்லை. "சார் ஒடம்பு முக்கியமுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். வீட்டிலும் மாட்டுக் கொட்டகையில்தான் படுத்தீர்கள் என்று உங்கள் வீட்டம்மா பிறகு சொன்னார்கள். பகலில் புங்கமரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு வருகிறவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்து, இமையைத் தொட்டுப் பார்த்து, எனக்கு போனில் சொன்னீர்கள். வாசல் சார்ட்டில் கடைசிச் சட்டத்தின்மேல் நான் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் தாள் ஒட்டினேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தது நமக்கு! ஒரு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொண்டுவந்தபோது, "அன்னைக்கு வாசல்ல…" என்று ஆரம்பித்தேன். "முந்திரி கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். நான் கேக்கைப் பற்றிப் பேசினேன். உங்களுக்கு வேண்டாம் என்பதால் விட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்குச் சுலபமாக இருந்தது என்பதுதான் நிஜம். உங்களை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, கைப்பிடி மண் போட்டபோதுகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

மாதம்மாள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து அழுத்தம் பார்த்துக்கொண்டு போகிறார். போன வாரம் வந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாளாம். மூஞ்சி அப்படியே மருமகள் ஜாடை என்று குறைபட்டுக்கொண்டார். நான் சொட்டு மருந்து விட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அவரு வுட்டா தெரியவே தெரியாதுங்க" என்றார். உங்களைத்தான் சொன்னார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ரூமில் நாங்கள் இருவர்தான்.

"அம்மா, அன்னைக்குக் காலைல உங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது அவர் இல்ல. நான்தான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. உங்க பையன் அவரைத் திட்டுனப்ப நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் கண்ணைத் திறந்து முந்தானையால் துடைத்துக்கொண்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"தெரியுமுங்களே" என்றார்.

"அவர் சொன்னாரா?"

"அவரு எங்கீங்க சொன்னாரு? வேலைக்கு இருக்கறவரு தானா ஆளத் திருப்பி அனுப்புவாருங்களா? எம்பையனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அவரைத் திட்டுனீங்க?"

"உங்களத் திட்டிட்டு அப்பறம் உங்ககிட்டயே கண்ணக் காட்ட முடியுமுங்களா?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்டார். "அவரத் திட்டலாமுங்க. அவரு கோவிச்சுக்கறவரு இல்ல. ஆனா மனசு கேக்கலீங்க. அந்த வாரமே பெருமாளு மாங்கா ஒரு கூடை எடுத்துக்கிட்டு அவரு வூட்டுக்குப் போனான். கொட்டாயில படுத்துருந்தாராம். எட்ட நின்னே கும்புட்டு, மன்னிச்சுக்குங்கன்னு கேட்டுட்டு வந்தான்."

அவர் போனபிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திட்டியவன் ஒரே வாரத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டான். உங்களுக்கு ஒரு மன்னிப்பு வந்து சேர்ந்திருக்கிறது, அது என்னிடமிருந்து வரவில்லை. எனக்குப் பயந்துகொண்டு ஒருவன் உங்களைத் திட்டியிருக்கிறான் என்பதும், அது உங்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கும் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஊரே பயப்படுகிற டாக்டரை, மளிகைக் கடையில் அரிசி கேட்காதே என்கிறீர்களா என்று கேலி செய்ய ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நான் வாசலில் தனியாக நிற்க விட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். அந்தச் சட்டம் என்னுடையது. திருப்பி அனுப்பியது நான். உங்கள் விரல் இல்லாவிட்டால் மாதம்மாள் அந்தப் பேத்தியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் இடத்தில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி. இரண்டு நாள் முன்னால், நேரம் வாங்காமல் வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொன்னாள் என்று வாசலில் அவளைப் பிடித்து அவர் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். சத்தம் உள்ளே கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து, "அப்படிச் சொல்லச் சொன்னது நான்தாங்க. பேசறதை என்னைப் பேசுங்க" என்றேன். அந்த ஆள் அப்படியே அடங்கி, "பரவால்லீங்க டாக்டர், பரவால்லீங்க" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். என்னை யாரும் பேசவே மாட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு ஏழு காலடித் தூரம்தான் இருக்கிறது.